மசக்கைக்கு ஒரு நிலாக் கேக்

கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அது எங்கள் அடுப்பில் வெடித்த கடுகாக இருக்காது. மசக்கையில் கிடந்த அம்மாவுக்காக நாங்கள் தாளிப்பதையே விட்டிருந்தோம். ஆனால் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சுவரோடு சுவர் ஒட்டி நின்ற 'லைன் வீடு'களில், பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்ந்தாலும் அது எங்கள் வீட்டு வாசனைதான். அந்த வாசனை எட்டுவதற்குள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட வேண்டும். எழுந்து ஓடத் தெம்பில்லாத நாட்களும் வந்தன.

எனக்குப் பிறகு தங்கிய ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்ததால், இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டுமே என்ற பயம் வீட்டில் எந்நேரமும் இருந்தது. அம்மாவுக்குத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. இரண்டு முறை குளுக்கோஸ் ஏற்றிய டாக்டரம்மா, உடம்பு இப்படியே வற்றிக்கொண்டு போனால் குழந்தைக்கு ஆபத்து, எது தங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதை அப்பா ஒருவரிடம் சொல்ல, லைன் முழுவதும் ஏதோ உத்தரவு போல எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா ராஜம்மா, வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் எங்களைத் திட்டத் தமிழும் வைத்திருந்தவர், நெய் சொட்டும் 'ஒப்பட்டு'ப் போளி கொண்டுவந்தார். ஒருத்தி ராகிக் களி, ஒருத்தி புளிச்சோறு, ஒருத்தி எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி என்ற உரிமையில் கருப்பட்டி மிட்டாய். கொடுத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. அம்மா ஒரு வாய் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்ப்பார்கள். வாந்தி வந்ததும் "அய்யோ பாவம்" என்று எழுந்து போய், மறுநாள் வேறொரு கிண்ணத்தோடு வருவார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் அம்மா சொன்னாள். "கம்பெனில அன்னைக்கு குடுத்தாகள்லா, மேல எழுத்து போட்டு உள்ள கறுப்பா பூரணம் வச்ச கேக்கு, அது கெடச்சா திங்கேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

கர்ப்பமாவதற்கு முன்பு அம்மா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். அதன் முதலாளிகள் கிழக்கே ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள். அவர்களுடைய நிலாப் பண்டிகைக்கு முந்தின வருடம் ஆளுக்கொரு கேக் கொடுத்திருந்தார்கள். அம்மா பாதியை எனக்குக் கொண்டுவந்தாள். பயறு மாவு அப்பிய மாதிரி இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் போய் இவள் ஏன் கேட்கிறாள் என்று நான் யோசிப்பதற்குள் ராஜம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"வாய் வுட்டுக் கேட்டுட்டாப்பா! மாசமா இருக்கறவ கேட்டதத் தர்லீன்னா கொழந்தைக்குக் காதுல சீழு வடியும். எங்கயாச்சும் போய்க் கொண்டாந்துரு."

அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். எத்தனையோ வருடம் ஓசூரில் இருந்தும் கன்னடத்தில் வேண்டாம் என்று சொல்ல ஒரு 'பேடா' தவிர எதுவும் வராது. கம்பெனி வாசலில் விசாரித்தார். அது அவர்கள் நாட்டிலிருந்து வந்தது, இங்கே கிடைக்காது என்றார்கள். பெங்களூரில் கம்மனஹள்ளிப் பக்கம் அந்த மாதிரி ஆட்கள் கடை வைத்திருக்கிறார்கள் என்று கூட வேலை செய்பவர் சொல்ல, மறுநாளே லீவு போட்டுவிட்டு, தெருவிலேயே கன்னடம் பழகிக்கொண்ட என்னையும் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். "ஏட்டி, நீதான் பேசணும்" என்பது மட்டும்தான் எனக்கு அவர் சொன்ன விவரம்.

கம்மனஹள்ளியில் அன்று நாங்கள் பார்த்த இனிப்புகளை வேறொரு நாளில் பார்த்திருந்தால் நான் ஊர் திரும்பியிருக்க மாட்டேன். ஒரு கடையில் பால் கலந்த டீக்குள் கறுப்பு உருண்டைகளைப் போட்டு, விரல் தடிமனுக்கு ஒரு 'ஸ்ட்ரா' கொடுத்தார்கள். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "ஜவ்வரிசிதான" என்று கீழே வைத்தார். இன்னொன்றில் ரோஸ் நிறத்தில் கொழுக்கட்டை போல ஒன்று. பிட்டால் பசையாக இழுத்தது, உள்ளே ஐஸ்கிரீம். நுங்கு போல நடுங்கும் ஒன்றைத் தேங்காய்ப்பாலில் மிதக்கவிட்டிருந்தார்கள். அப்பா எதற்கும் மசியவில்லை. "எழுத்து போட்டிருக்கணும், உள்ள கறுப்பா இருக்கணும்னு கேளு" என்று ஒவ்வொரு கடையிலும் என் தோளை அழுத்தினார். நான் கேட்டுக் கேட்டு வாய் உலர்ந்துபோனேன்.

கடைசியில் ஒரு சந்துக்குள், கருவாட்டு வாசனை அடித்த சின்ன மளிகைக் கடையில் அது இருந்தது. கடைக்கார அக்கா மணிப்பூர்ப் பக்கத்துக்காரி. யாரோ சொல்லிவைத்த பெட்டி, தர முடியாது என்றாள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி அம்மா என்றேன். அவள் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்து பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சுவரில் இருந்த டிவியைக் காட்டி, "சீக்கிரம் போங்க" என்றாள்.

டிவியில் ஒரு லாரி எரிந்துகொண்டிருந்தது. காவிரித் தண்ணீர் பற்றி மத்தியானம் ஏதோ தீர்ப்பு வந்திருக்கிறது, தமிழ்நாட்டு வண்டிகளை நிறுத்துகிறார்கள், ஓசூர் பஸ் இல்லை. வெளியே வந்தால் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா செய்த முதல் காரியம், செல்போனை எடுத்து அணைத்ததுதான். அம்மா கூப்பிட்டால் தமிழில் பேச வேண்டியிருக்குமே என்ற பயம். அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. ஆட்டோக்காரரிடமும், எல்லையோரத்து அத்திப்பள்ளிவரை ஏற்றிக்கொண்ட காய்கறி டெம்போக்காரரிடமும் நான்தான் பேசினேன். எங்கப்பாவுக்குக் காது கேட்காது என்று, யாரும் சொல்லித் தராமலே, ஒரு பொய்யும் சொன்னேன்.

அத்திப்பள்ளியில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்க, ஜனங்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜூவாடியை நோக்கி நடந்தார்கள். எல்லையை நெருங்கும்போது நாலைந்து பேர் எங்களை மறித்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவன் அப்பாவைக் கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். இன்னொருவன் டப்பாவைப் பிடுங்கித் திறந்து, கேக்கின் மேலிருந்த எழுத்தைத் தடவி "ஏனிது?", இது என்ன, என்றான்.

"நம்மம்மா பசுரி. அவரிகே பயகெ" என்றேன். அம்மா பிள்ளைத்தாய்ச்சி, இது அவள் ஆசைப்பட்டது. அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அவர்களில் வயதான ஒருவர் டப்பாவை வாங்கி மூடினார். இதற்கா இவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. ராஜம்மா போலவே அவருக்கும் அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. டப்பாவை என் கையில் வைத்து, "பேக ஹோகி", சீக்கிரம் போங்கள், என்று சொன்னதோடு, அந்தக் கூட்டம் தீரும்வரை எங்களுக்கு முன்னால் நடந்தும் வந்தார்.

லைன் வாசலில் ஊரே நின்றது. அம்மா ராஜம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா டப்பாவை நீட்டினார். அம்மா நின்றபடியே அந்தக் கேக் முழுவதையும், ஒரு துணுக்கு மிச்சமில்லாமல், அழுதுகொண்டே தின்றாள். நாங்கள் காத்திருந்தோம். வாந்தி வரவில்லை. அன்றிலிருந்து கஞ்சி தங்கியது, பிறகு சோறு தங்கியது. தம்பி பிறந்தான். கேக்கால்தான் அவன் பிழைத்தான் என்று அப்பா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறார்.

இப்போது ஓசூர் பாகலூர் ரோட்டிலேயே அந்தக் கறுப்பு உருண்டை டீ கிடைக்கிறது. தம்பி அதைக் குடித்துவிட்டுத்தான் டியூஷன் போகிறான். லைன் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அங்கே யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாலும் கிண்ணத்தோடு கதவைத் தட்ட ஆளில்லை. போன மாதம் போனில் ஆர்டர் போட்டு ஒரு பெட்டி நிலாக் கேக் வரவழைத்து அம்மா முன்னால் வைத்தேன். அவள் பெட்டியைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு அது அப்பவே பிடிக்காது. ஆளாளுக்குக் கொண்டாந்து திணிக்காக. கெடைக்காத ஒண்ணக் கேட்டா விட்டுருவாகன்னு சொன்னேன். இந்த மனுசன் கெளம்பிப் போவாருன்னு கண்டேனா? டிவில லாரி எரியுது, போன் போக மாட்டேங்குது. உங்க ரெண்டு பேரையும் நானே அனுப்பிக் கொன்னுட்டேன்னு நெனச்சேன். வாசல்ல உங்களப் பாத்த பொறவு வாந்தியாவது ஒண்ணாவது. அப்பாட்ட சொல்லிராத."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. துணிக்கடையில் "உனக்குப் பிடிச்சத எடு", ஓட்டலில் "நீங்க திங்கதையே நானும் திங்கேன்", தீபாவளிக்கு "எனக்கு எதுக்கு". அந்த நாளுக்குப் பிறகு அம்மா இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதே இல்லை. எத்தனையோ வருடமாக அதை அவள் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரிம்மா, இப்ப சொல்லு. நெசமாவே உனக்கு என்ன வேணும்?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வாசலில் அப்பாவின் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"அவுக மொதல்ல பத்திரமா வீட்டுக்கு வந்துரட்டும். பொறவு சொல்லுதேன்" என்றாள்.