இருமலோடு கேட்க மூன்று இசைத்தட்டுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து வருஷம் தயங்கினேன். நான் எட்டாவது வரை படித்தவன். வில்லியனூரில் தண்ணி மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறேன். காலையில் திருநீறு பூசாமல் கடை திறந்ததில்லை. இப்படிப்பட்டவன் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் கித்தாரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம் ஒன்று. இன்னொரு காரணம் கடைசியில் வரும்.

என் அண்ணன் சொல்தா; பிரெஞ்சுச் சிப்பாயை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான பாகூருக்கே திரும்பி வந்தவர். வரும்போது மூன்று இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில் ஒன்றைப் போட்டதும் தெருப் பெண்கள் நாலு பேர் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். கித்தார் அழுததை ஒப்பாரி என்று நினைத்துவிட்டார்கள்.

"யார்பா போய்ட்டாங்க?" என்றார் முன்னால் வந்த அத்தை.

"யாரும் போவல அத்தே. தட்டு பாடுது" என்றார் அண்ணன்.

"தட்டு அழுவுது, நீ சிரிக்கிற. இன்னா வூடுடா இது" என்று முடியை முடிந்துகொண்டார் அத்தை. ஆனாலும் தட்டின் அந்தப் பக்கம் ஓடி முடியும் வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டதால் பெயர்கள் தெரியாது. அடையாளம் சொல்கிறேன். முதல் தட்டில் ஒரே ஆள், ஒரே கித்தார், பலகையில் தட்டுகிற கால். சனிக்கிழமை விளக்கேற்றிய பிறகு கேளுங்கள். இரண்டாவதில் கம்பிமேல் கண்ணாடிக் குழாயை இழுத்து வாசிக்கிறார். கம்பி ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும். அதுதான் அத்தையை வரவழைத்தது. ஞாயிறு மதியத்துக்கு ஏற்றது. மூன்றாவதில் மின்சாரக் கித்தார், கூடவே டிரம்ஸ். திங்கட்கிழமை வேலைக்குப் போக மனசில்லாத சாயங்காலத்துக்கு.

மூன்றிலும் நல்லதை அண்ணன் எனக்காக ஒரே கேசட்டில் பதிந்து கொடுத்தார். ஸ்பீக்கருக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிந்ததால் பாட்டுக்குப் பாட்டு நடுவில் அவர் இருமுவதும் விழுந்துவிட்டது. ஓரிடத்தில், "கேக்குதாடா?" என்றும் கேட்பார். நெஞ்சுச் சளியில் அவர் போன பிறகு அவர் குரல் என்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான். தட்டுகளை அவர் மகள் பிரான்சுக்கே எடுத்துப் போய்விட்டாள்.

கேசட் இழுக்க ஆரம்பித்தது. குரல் போய்விடுமோ என்ற பயத்தில், போனில் ஏற்றித் தரச் சொல்லித் தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு கடையில் கொடுத்தேன். கடை நடத்துகிற பெண் நல்ல மாதிரி.

"நடுவுல ஒரே இருமல்ண்ணே. யாரோ பேசறது வேற. எல்லாத்தையும் எடுத்துட்டு க்ளீனா குடுத்துருக்கேன்."

"கேசட்டு எங்கம்மா?"

"ஒருதபாதான் ஓடுச்சிண்ணே. நாடா பொடியா உதுந்துடுச்சி."

சந்தோஷமாகச் சொன்னாள். என்ன எடுத்தாள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. எதைத் தொடக்கூடாது என்று நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு மதியம் போனில் போட்டேன். கண்ணாடிக் குழாய்ப் பாட்டு முடிந்தது. அண்ணன் இருமுகிற இடத்தில் துடைத்து வைத்ததுபோல் ஒன்றுமில்லை. சாமி அறையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள்.

"மாமா இருமுனாரா?"

"இல்லியே. எடுத்துட்டாங்க."

"எனுக்குக் கேட்டுச்சிங்க."

எனக்கும் கேட்டிருந்தது. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் கேட்டது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து போன் பக்கத்தில் வைத்தாள். இன்றுவரை வைக்கிறாள். சாயங்காலம் அதைத் துளசிக்கு ஊற்றுவது நான். குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இறைவன் எதை அனுப்புகிறான் என்று அளந்து பார்க்கிற தைரியம் எனக்கில்லை. இத்தனை வருஷம் எழுதாமல் இருந்ததற்கு இதுதான் இன்னொரு காரணம்.

தட்டுகள் கிடைத்தால் கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு இடையில் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். நான் எழுதிய இதை யாருக்காவது படிக்கக் கொடுப்பதானால் பிழை இருக்கிறது, நடுவில் வேண்டாதது இருக்கிறது என்று ஒரு வார்த்தையையும் எடுத்துவிடாமல் இருக்கிறபடியே கொடுங்கள். நான் ஒரு தரம் சுத்தம் செய்யக் கொடுத்தேன். போதும்.