மெர்வின் காலில் சிவப்புப் பட்டை

மெர்வ் போகாக் ஆறாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். மனச்சோர்வுக்காகக் கொடுத்த மாத்திரை. அட்டையைக் கொண்டுபோய் பால்கொட்டகை அலமாரியில், மடிநோய் மருந்துக் குழல்களுக்குப் பின்னால் போட்டுவிட்டார்.

"மூணு நாள்ல கேக்காத மருந்து மருந்தே இல்ல" என்றார்.

அவர் போட்டது மாட்டுக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் மாடு வளர்க்கும் நாங்கள் எல்லோரும் போடுகிற கணக்குதான். மடி வீங்கினால் மூன்று நாள் மருந்து ஏற்றுவோம். பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டுவோம். பட்டை இருக்கும்வரை அந்தப் பால் தொட்டிக்குப் போகாது. நாலாம் நாள் தேறவில்லை என்றால் மருந்து சரியில்லை.

மெர்வுக்கு ஐம்பத்தெட்டு வயது. நூற்றெண்பது மாடு. பின்னால் நின்று மடியைப் பார்த்தே ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வார். அந்த ஜனவரிக் கோடையில் பெயர் சொல்வது நின்றது. தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. வருகிற ஜூனில் மொத்த மந்தையையும் விற்றுவிடும்படி தரகரிடம் சொல்லிவிட்டார். மனைவி ரேலீன் காரணம் கேட்டபோது, முடியவில்லை என்றார்.

நாலு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்த நான், அப்போது அவர்களிடம் காலைக் கறவைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அட்டை என் கையில்தான் சிக்கியது. ரேலீனிடம் கொடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டுவந்து மெர்வின் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார்.

டாக்டர் ஹீலி சொன்னதை ரேலீன் பிறகு எனக்குச் சொன்னார். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்ப செரோடோனின் என்று ஒரு பொருளைப் பயன்படுத்துகின்றன. அதை அவை உடனே திரும்ப உறிஞ்சிவிடாமல் மாத்திரை தடுக்கிறது. அந்த வேலை முதல் நாளே தொடங்கிவிடும். ஆனால் அதற்கேற்ப மூளை மெல்லத்தான் மாறும். மனம் தேற நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம். ஏன் அத்தனை நாள் என்பது டாக்டர்களுக்கே முழுசாகத் தெரியாதாம். குமட்டல், வாய் வறட்சி, தூக்கக் கேடு எல்லாம் முதலில் வந்து, பெரும்பாலும் தானே குறையும். உயிரை விட்டுவிடலாம் என்பது போன்ற எண்ணம் வந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் கூப்பிட வேண்டும்.

மெர்வ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அப்போ மாட்டுக் கணக்கு இல்ல, புல்லுக் கணக்குன்னு சொல்லுங்க."

"அப்படியே வச்சுக்கங்க, மெர்வ். ஆனா முளைக்கறதுக்கு முன்னாடியே மாட்டை உள்ள விட்டுடாதீங்க."

ரோட்டோர வயலில் அந்த வாரம்தான் மாடு மேய ரை புல் விதைத்திருந்தார். புதுப்புல்லில் மாட்டை விடுவதற்கு முன் கையால் ஒரு பிடி இழுத்துப் பார்ப்போம். வேரோடு வந்தால் பொறுக்க வேண்டும். இலை அறுந்து வேர் மண்ணிலேயே நின்றால் கேட்டைத் திறக்கலாம்.

வீடு திரும்பும் வழியில் ரேலீன் பேரம் பேசினார். "அந்தப் புல்லை இழுத்துப் பார்க்கற நாள் வரைக்கும் மாத்திரையை முழுங்கு. தரகன் அதுவரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது. அன்னைக்கும் விக்கணும்னு தோணினா, நானே லாரியில ஏத்திவிடறேன்."

முதல் இரண்டு வாரம் மெர்வ் குமட்டலோடுதான் கறந்தார். போகுமிடமெல்லாம் தண்ணீர் பாட்டில். நாலாம் வாரம் டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டினார். ஒன்றும் மாறவில்லை என்று மெர்வ் தினமும் சொன்னார்.

ஆறாம் வாரம் ஒரு காலை, ஒரு மாட்டிலிருந்து கறவை இயந்திரக் குவளையைச் சீக்கிரமே கழற்றப் போனேன். எதிர்வரிசையிலிருந்து மெர்வின் குரல் வந்தது. "டல்சி அது. இடது பின்காம்பு மெதுவாத்தான் இறங்கும். உனக்கென்ன ரயிலா பிடிக்கணும்?"

எத்தனையோ மாதம் கழித்து ஒரு மாட்டின் பெயர். கறவை முடிந்ததும் ரேலீனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே, ஏற்கனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவினார்.

மே கடைசியில் வயலுக்குப் போனோம். மெர்வ் மண்டியிட்டு ஒரு பிடி இழுத்தார். இலை அறுந்தது. பத்தடி தள்ளி இழுத்தார். அங்கேயும் வேர் நின்றது. தாழ்வான மூலையில் மட்டும் வேரோடு கையில் வந்தது.

"அந்த மூலைக்கு வேலி போட்டுக்கலாம். மத்தது நிக்குது" என்றார்.

தரகரை மெர்வே போனில் கூப்பிட்டார். "இந்த வருஷம் இல்லப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஜூலையில், நன்றாகத்தானே இருக்கிறேன், இனி மாத்திரை எதற்கு என்று டாக்டரிடம் கேட்டார். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், பிறகு மெல்லக் குறைக்கலாம், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், நோயும் திரும்பலாம் என்றார் டாக்டர். மெர்வ் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாத்திரை பழையபடி அலமாரிக்குப் போய்விடுமோ என்று ரேலீனுக்குப் பயம்.

மறுநாள் காலை மெர்வ் கொட்டகைக்குள் வந்தபோது, ரப்பர் பூட்ஸின் கணுக்காலில் சிவப்புப் பட்டை சுற்றியிருந்தது.

"என்ன மெர்வ் இது?" என்றேன்.

"இந்த மாடு மருந்துல இருக்கு. டாக்டர் சொல்ற வரைக்கும் பட்டையைக் கழட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு, டல்சியை வரிசைக்குள் தட்டி விட்டார்.