காலியாக விட்ட கட்டம்

மாமல்லபுரம் கடற்கரை விடுதியின் கூட்ட அறையில், திரையில் நின்ற இரண்டு தூண்கள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. நீலம் ஒரு நாடு, பச்சை இன்னொரு நாடு. வளரும் நாடுகளான அவை இரண்டும் வெளிநாட்டு நிதி நிறுவனங்களிடம் அந்த ஆண்டு வாங்கிய கடனில், திருப்பிக் கட்டியது போக மிஞ்சியது எவ்வளவு என்று காட்டும் படம். வரைந்தவள் நான். நாவலூர் அலுவலகத்தில் என் பிழைப்பே அதுதான்.

பச்சை நாட்டிலிருந்து நிதித்துறை அதிகாரி அம்மா ஒருவர் வந்திருந்தார். கூட்டத்துக்கு முதல் நாள் மாலை தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார். மகனுக்கு வலிப்பு. அவர்கள் நாட்டில் டாலர் கையிருப்பு தீர்ந்து, மருந்து இறக்குமதி நின்றுபோயிருந்தது. "நிதித்துறையில் இருக்கிற எனக்கே இந்தக் கதி" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவரை அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். விஷயத்தைக் கேட்ட டிரைவர், "இன்னா மேடம், நாட்டுக்கே கடன் குடுக்குறாங்கோ, மாத்திரைக்கு டப்பு இல்லியா?" என்றார்.

"வாங்கினதுக்கு மேல கட்டிகினு கீறாங்களாம் அண்ணாத்த" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு வாங்குறாங்கோ?"

"பழச கட்டத்தான்."

மருந்துக் கடையில், வெளிநாட்டுச் சீட்டு செல்லாது என்று கடைக்காரர் கைவிரித்தபோது டிரைவர் முன்னால் வந்தார். "புள்ளைக்கு வலிப்பு வந்தா நீயா போய் புடிச்சிக்குவ?" கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே, கடையில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கடை வாசலில் நிற்கும்போதுதான் என் கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதுவரை வராமலிருந்த, பச்சை நாடு அந்த ஆண்டு திருப்பிக் கட்டிய தொகை அதில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: வராத தொகைக்குக் கணக்குத்தாளில் அதன் கட்டத்தைக் காலியாக விட்டு மஞ்சள் பூசி வைப்போம். ஆனால் காலிக் கட்டத்தைக் கணினி சுழியமாகத்தான் எடுத்துக்கொள்ளும். காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையில் திரையும் ஒலிபெருக்கியும் என்று ஓடிய ஓட்டத்தில் சுத்தமாக மறந்துபோனேன்.

ஆகவே பச்சைத் தூண் நீலத்தைவிட உயர்ந்து நின்றது. கடன் கொடுக்கும் தரப்பிலிருந்து வந்தவர் அதைக் காட்டி, "உங்களுக்கு நிறையவே கிடைத்திருக்கிறதே. புதுக் கடனை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார். அம்மா எழுந்தார். "கட்டியிருக்கிறோம் ஐயா. மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டுத்தான் கட்டினோம்." அவர் மறுபடியும் திரையைக் காட்டினார். அம்மா என்னைப் பார்த்தார்.

நிரப்பாத கட்டம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது; தவறு எங்கே என்று எனக்குத் தெரியும். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முன் வரிசையில் என் மேலாளர் உட்கார்ந்திருந்தார். நான் மடிக்கணினியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போதும் அதே அலுவலகம், அதே வேலை. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். நான் தைரியசாலி என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, யாருடைய பெயரும் இல்லாமல், அச்சுப்பிழை என்ற பெயரில் அந்தப் படத்தைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பினோம். அம்மாவிடமிருந்து மட்டும் பதில் வந்தது.

"திருத்தம் சரியாக இருக்கிறது, நன்றி. நீ வாங்கித் தந்த மாத்திரை மகனுக்கு நாற்பது நாளைக்குத்தான் வந்தது."