நஸ்ரீனுக்கு நான் எடுத்துக் கொடுத்த வில்லை

எவர்சில்வர் கரண்டியை இயந்திரத்தால் அறுக்கும்போது ஒரு நாற்றம் வரும். தீபாவளியன்று கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்த பிறகு விரல்களில் ஒட்டிக்கொண்டிருக்குமே, ஏறக்குறைய அது. எனக்குப் பதின்மூன்று வயதான கோடை விடுமுறை முழுவதும், அசோக் நகரில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் பின்பக்கத்துப் பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே, அந்த நாற்றம் இருந்துகொண்டே இருந்தது.

இயந்திரம் சித்தப்பா கொடுத்தது. ஈக்காட்டுத்தாங்கலில் பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்கிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்த அவர், தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, டார்ச் லைட் அளவே இருந்த பழைய 'குட்டி கிரைண்டரை' என்னிடம் தந்துவிட்டார். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய, அதன் நுனியில் மாட்டிச் சுழலவிட்டு அறுக்கும் வட்ட வில்லைகளும், பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்றும். எந்த உலோகத்துக்கு எந்த வில்லை என்பதைத் திருநெல்வேலிப் பேச்சு மாறாமல் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் மெல்லியதாக இருப்பவை தகரத்துக்கும் சன்னமான கம்பிக்கும் போதும். "ஏட்டி, இது அப்பளம் மாதிரி. நேராப் பிடிச்சா அறுக்கும், கொஞ்சம் சாய்ச்சாலும் நொறுங்கிரும்" என்றார். உள்ளே நூல்வலை வைத்து அழுத்திய கறுப்பு வில்லைகள் கரண்டி, தாழ்ப்பாள் போன்ற தடித்த சாமான்களுக்கு. லேசாக வளைந்தாலும் தாங்கும். வைரத்தூள் பூசிய பளபளப்பான வில்லை ஓட்டுக்கும் கண்ணாடிக்கும்தான். எவர்சில்வரில் வைத்தால் சூடேறி வழுக்குமே தவிர அறுக்காது. கடைசியாக, "கீறல் விழுந்ததத் தூரப் போட்ரணும். அதுல மட்டும் சிக்கனம் பாக்காத" என்றார்.

நஸ்ரீன் என் வகுப்பு. அடுத்த தெருவில் வீடு. உருது பேசுகிற குடும்பம். அவளுடைய அப்பா ரவிக்கைத் துணிகளில் கொக்கி ஊசியால் பூவேலை, அதாவது ஆரி வேலை, செய்பவர். தி. நகரில் என் அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடையில் தையல் பிரிவு முழுவதும் அப்பாவின் பொறுப்பு. யாருக்கு எவ்வளவு ஆரி வேலை கொடுப்பது என்று அவர்தான் தீர்மானிப்பார். இது எங்கள் இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

பழைய கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் அறுத்து வளைத்து மோதிரம், காப்பு என்று செய்துகொண்டிருந்தோம். அவளுக்குக் கை வந்தது, எனக்கு வரவில்லை. நான் அறுத்த விளிம்பு பிசிறு பிசிறாக நிற்கும். அவள் அறுத்தது கத்தரித்த காகிதம் போல இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் அவள் செய்த காப்பைப் போட்டுப் பார்த்தார்கள். "அந்தப் பிள்ளை கையப் பாரு, நீயும்தான் இருக்கியே" என்றாள் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "மிசினு ஒன்னுது, வேலை அவளுது" என்று சிரித்தார். அதில் தவறாக எதுவும் இல்லை. அன்றிலிருந்து, வில்லைகளை நானே எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

டப்பா என் மடியில் இருக்கும். அவள் கேட்க வேண்டும். நல்லவற்றை எனக்கு வைத்துக்கொண்டு தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவாகிவிட்டவற்றை அவளுக்குத் தந்தேன். ஒருநாள் வேண்டுமென்றே வைர வில்லையைக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் அவள் கரண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்ந்த வில்லையை வைத்துக்கொண்டு, நான் ஒரு நாளில் முடிப்பதை இரண்டு நாள் எடுத்து, என்னைவிட நன்றாகச் செய்தாள். கெஞ்சியிருந்தால் ஒருவேளை நல்லதாக ஒன்றைக் கொடுத்திருப்பேன். அவள் கெஞ்சவில்லை.

பழுப்பு வில்லை ஒன்றில், நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை போல விரிசல் ஓடியிருந்ததை நான் பார்த்தது அந்த நாட்களில்தான். அதைத் தூரப் போடவில்லை. டப்பாவின் மூலையில் தனியாக வைத்தேன்.

நஸ்ரீன் அப்போது தும்பி ஒன்று செய்துகொண்டிருந்தாள். பள்ளி திறந்ததும் கைவினைக் கண்காட்சிக்கு வைக்கப்போகிறாள். முள்கரண்டியின் காம்பு உடல், நீளவாக்கில் பிளந்த கரண்டிகள் சிறகுகள். மூன்று சிறகு முடிந்து நான்காவது மட்டும் பாக்கி. அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கரண்டியைச் சின்ன இடுக்கியில் முடுக்கிவிட்டுக் கை நீட்டினாள்.

"வலை வச்சது ஒண்ணு குடுடி. கழுத்துக்கிட்ட தடிமனா கீது."

"வலை தீந்துபோச்சு" என்றேன். டப்பாவுக்குள் இரண்டு இருந்தன.

"அப்ப நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு சித்தப்பா மிஷினைக் கேட்டிருக்கார். இத வச்சு முடி."

மூலையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மாட்டினாள். "கண்ணாடி?" என்றாள்.

"நான் போட்டிருக்கேன்ல. ரெண்டே நிமிஷம்தான."

நான் விரும்பியது இவ்வளவுதான்: வில்லை உடைந்து சிறகில் அழியாத கீறல் ஒன்று விழ வேண்டும், அவள் அழ வேண்டும். கண்ணை நான் நினைக்கவில்லை. இப்படிச் சொல்வதால் எனக்கு எந்தச் சலுகையும் கிடைத்துவிடாது. கண்ணாடி என் முகத்தில் இருந்தது. அதைக் கழற்றாமல் இருக்கும் அளவுக்கு நினைத்துத்தான் இருந்தேன்.

சின்னச் சத்தம்தான். ஓடுகிற இயந்திரம் தரையில் விழுந்து துள்ளியது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "உள்ள எதுவோ போயிடுச்சு, பாரு" என்றாள், பேனாவைக் காணோம் என்று சொல்வது போல. கையை எடுத்தாள். பார்த்தேன். பிறகு நான் முதலில் செய்தது, இயந்திரத்தை நிறுத்தி, சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிப் பால்கனிக்கு வெளியே வீசியதுதான். அதற்கு அப்புறம்தான் போய் அம்மாவை எழுப்பினேன். அம்மா எதுவும் கேட்பதற்கு முன்பே, "கேக்காம எடுத்துட்டாம்மா" என்றேன்.

இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டு பிரிக்கும் முன்பே அவளைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், புள்ள கேக்காம எடுத்துடுச்சு. தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அப்பா பெருந்தன்மையோடு, "விடுங்க பாய். அதுக்காக வேலைய நிறுத்திருவேனா?" என்றார். அம்மா ஒரு பை ஆப்பிள் கொடுத்தாள். நஸ்ரீன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்ற பயம் மட்டும்தான் எனக்கு இருந்தது. இரக்கம் அன்று வரவில்லை, வந்ததாக இப்போது எழுதவும் முடியாது. அவள் ஆப்பிள் பையைத் தூக்கிக்கொண்டு தன் அப்பாவின் பின்னால் படியிறங்கிப் போனாள்.

இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப் போக வந்த சித்தப்பா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "வலை வில்லை ரெண்டு கெடக்கே. பின்ன எதுக்கு அப்பளத்தப் போட்டா?" என்றார். தெரியாது என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எனக்கு எதுவும் கொண்டுவந்ததில்லை. அடுத்த ஆண்டு நஸ்ரீன் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம், திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் அவள்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பெயர் பதிகிற வேலையில் இருக்கிறாள். அப்பா இறந்துவிட்டாராம். ஆரி வேலை கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். சிரித்தாள். "அப்பா சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. நான் ஊசியே தொடல. அன்னிக்கு நான் சாய்ச்சுப் புடிச்சதால தான ஒடஞ்சுது? நேராப் புடிக்கத் தெரியாத கைன்னு விட்டுட்டேன்."

அவள் பாரத்தை இறக்கிவைப்பதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், மூலையில் வைத்தது, வலை வில்லைகள், கண்ணாடி. பேருந்துகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

"கேக்காம எடுத்தேன்னு நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்ல" என்றாள் கடைசியில். "பயந்துட்டன்னு நெனச்சேன். அந்த வயசுல யாரா இருந்தாலும் பயப்படுவாங்கன்னு விட்டேன். அப்பாகிட்டகூடச் சொல்லல." தோள்பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வில்லையும் நீதானா" என்றாள். அது கேள்வி போல இல்லை.

பிறகு, "இத ஏன் இப்ப சொன்ன?" என்று கேட்டாள். அவளுடைய பேருந்து வந்தது. இடதுபக்கக் கம்பியைக் கையால் துழாவிப் பிடித்து ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அசோக் நகர் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பால்கனி இருந்த உயரத்தில் யார் வீட்டு ஏ.சி.யோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அது போகட்டும். இத்தனை வருடங்களாக நஸ்ரீனின் நினைவில் பதின்மூன்று வயதுச் சிநேகிதி ஒருத்தி இருந்தாள்; பயந்துபோய் ஒரு பொய் சொன்னவள், என்றோ மன்னிக்கப்பட்டவள். நஸ்ரீனிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள அந்த ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். அவளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.