கருவாடு பொரிக்காத லயம்

முத்துவீரன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு ஏசுகிறவர்கள் ஏசிக்கொள்ளட்டும். ஒரே கூரைக்குக் கீழ் பத்துக் காம்பரா வரிசையாய் நிற்கிற அந்த லயத்தில் பெண்டாட்டியை அவனைப்போல் வைத்திருந்த ஆண்பிள்ளை வேறு ஒருவனைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

வரக்காப்பொலையிலிருந்து உள்ளே போகிற ரப்பர் தோட்டம் அது. கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப்பிரிவின் புகைவீட்டில் அவனுக்கு வேலை. உறைந்த ரப்பர்ப் பாலை உருளையில் ஓட்டி எடுத்தால் ஈரத்தோல் மாதிரி ரப்பர்ச் சீட்டு வரும். அதைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகு மூட்டி, நாள் கணக்கில் புகையில் வாட்ட வேண்டும். இருபது வருசம் அதைச் செய்தவன். அவன் பெண்டாட்டி பவளம் பால் வெட்டுகிறவள். பிள்ளைகுட்டி இல்லை. யாராவது அதைச் சொல்லி உச்சுக்கொட்டினால், "அவரு எனக்குப் புள்ள, நான் அவருக்குப் புள்ள. ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

இரண்டாயிரமாம் வருசம் தைப்பொங்கல் கழிந்து, பவளம் பால்வாளியை இடுப்புக்கு ஏற்றும்போது மாரில் ஏதோ நெருடியது. புளியங்கொட்டை அளவு. வெட்கத்தில் புருசனிடம்கூடச் சொல்லவில்லை. ஆடி பிறந்தபோது அது எலுமிச்சங்காய் ஆகியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்த கையோடு கேகாலை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார்கள். அங்கிருந்து கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. மாரை எடுத்துவிட்டார்கள்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார். முத்துவீரனுக்குச் சிங்களமும் தமிழும் இரண்டு கை மாதிரி, ஒரு சொல் விடாமல் விளங்கியது.

"ஆறு ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று. நாள் பிந்தாமல் ஆறும் ஏறினால் இவர் பிழைக்க நல்ல வழி இருக்கிறது."

ஆறு. அந்த எண்ணைத்தான் இருவரும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறு ஊசி ஏறிவிட்டால் பவளம் பிழைத்தாள்.

முதல் ஊசி மருந்து செம்பரத்தைச் சாறு மாதிரிச் சிவப்பாக இருந்தது. வெளியே வரும்போது தாதி மிஸ் ஒரு சின்ன உறையில் வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்தாள். "இது வாந்திக்கு. அஞ்சு நாளைக்கு, மூன்று வேளையும், சாப்பாட்டுக்கு அரை மணி முந்தி. வாந்தி வந்தாலும் வராவிட்டாலும் குடிக்க வேண்டும்." இதுவும் அவனுக்கு நன்றாக விளங்கியது.

பஸ் பாதி தூரம் வரவில்லை, பவளத்துக்குக் குமட்டத் தொடங்கிவிட்டது. எலுமிச்சம் இலையைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறங்கச் சொன்னபோது, அவள் சொப்பிங் பேக்குக்குள் முகத்தை வைத்தபடி அசையாமல் இருந்தாள். ஏறிவந்த ஆமிக்காரன் அடையாள அட்டையைக் கேட்க வாய் திறந்து, மூடிக்கொண்டு, தன் தண்ணீர்ப் போத்தலை சீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

வீடு வந்ததும் மாத்திரையைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

கலியாணமான இரண்டாம் வருசம் பவளம் ஒரு சடங்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவள், சோறு இறங்காமல் ஓலையாய் மெலிந்துபோனாள். எவளோ சாப்பாட்டில் இடுமருந்து வைத்துவிட்டாள் என்று லயமே சொன்னது. அப்போது முத்துவீரன் அவளை யட்டியாந்தோட்டைப் பக்கம் மருந்தெடுக்கிற ஒரு கிழவரிடம் தூக்கிக்கொண்டு போனான். கிழவர் பச்சிலைச் சாறு கொடுத்தார். இரண்டு நாள் ஓயாமல் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் கருப்பாய், மயிர் சுற்றினாற்போல ஒரு கட்டி வந்து விழுந்தது. முத்துவீரன் கண்ணால் பார்த்தான். அன்று மத்தியானமே, "பசிக்கிது" என்றாள்.

அதைக் கண்ணால் பார்த்தவன் வாந்தியை எப்படி நிறுத்துவான்? போதாததற்கு ஊசி போட்ட அன்று அவளுக்குச் சிறுநீரும் சிவப்பாய்ப் போனது.

"பாரு பவளம், எறங்குது. மருந்து புடிச்சு இழுக்குது. இப்ப மாத்திரயப் போட்டு அடச்சா உள்ளேயே தங்கிப்போவும்."

பவளமும் தலையை ஆட்டினாள். அந்தக் கட்டி அவள் வயிற்றிலிருந்து வந்ததுதானே. "வரட்டும்," என்றாள். எடுத்து எடுத்து நெஞ்சு புண்ணாகிப்போனபோதும் முதல் தடவை மாத்திரை கேட்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினான். ஒவ்வொரு தடவையும் வாளியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் குச்சியால் கிளறிப் பார்த்தான். கட்டி வந்திருக்கிறதா என்று.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவளால் முடியவில்லை. வெறும் பித்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை, ஓங்கரிப்பு மட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த மாத்திரயக் குடுங்க."

"தீந்துபோச்சு."

"நேத்துத்தானே மிஸ் குடுத்தாங்க."

"மழையில நனஞ்சு கரைஞ்சுபோச்சு புள்ள. இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்க. அன்னைக்கும் மூணாம் நாள்தானே வந்துச்சு."

பொய் சொல்லும்போது அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்ப்பான். பவளத்துக்குத் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரை உறை புகைவீட்டு வாசலில், நிலைக்கட்டைக்கு மேல், பழைய பால்மாத் தகரத்துக்குள் இருந்தது. வீட்டில் வைத்தால் அவள் எடுத்துவிடுவாள் என்றும், அவள் அழுதால் தானே எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்றும் பயந்து அங்கே கொண்டுபோய் வைத்திருந்தான்.

மூன்றாவது ஊசிக்குப் போனார்கள். தராசில் ஏற்றிவிட்டு மிஸ் முள்ளைப் பார்த்தாள். இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினாள். ஏழு கிலோ குறைந்திருந்தது. இரத்தமும் போதவில்லை. "இன்றைக்கு ஊசி போட முடியாது" என்றார் டொக்டர்.

"மாத்திரை குடித்தாரா?" மிஸ் முத்துவீரனைக் கேட்டாள்.

அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "குடுக்கல்ல மிஸ். எல்லாம் வெளியே வரட்டுமின்னு விட்டேன். நல்லா வந்துச்சு."

எழுதிக்கொண்டிருந்த மிஸ்ஸின் கை நின்றது. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு, தங்கச்சி மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, வாந்தியில் நோய் வருவதில்லை. ஊசி மருந்து உடம்பைக் குழப்புவதால்தான் குமட்டுகிறது. சிவப்பாகப் போனது மருந்தின் நிறம். வெளியே வந்தது அக்காவின் சாப்பாடு. அக்காவின் பலம். அந்தப் பலம் இல்லாமல் அடுத்த ஊசியை எப்படிப் போடுவது?"

சிங்களம் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்த நிமிசத்தில் தப்பியிருப்பான். அவனுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. வாங்குப் பலகையில் இருந்த பவளத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்த கன்னம் இப்போது அவளுக்கு இல்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் மிஸ் சொல்லி அனுப்பினாள். குமட்டும் முன்பே மாத்திரை. வயிறு காயக்கூடாது, இரண்டு மணிக்கொரு தடவை இரண்டு வாய். சூட்டில் வாடை கிளம்பும், ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். விடிந்ததும் எழும்புமுன் ஒரு காய்ந்த பிஸ்கட். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், நடுவே மிடறு மிடறாக இஞ்சித் தேத்தண்ணி. கண்ட வாடையும் மூக்கில் ஏறக்கூடாது.

வாடை என்றால் முதல் வாடை அவனே. ரப்பர்ப் புளிப்பும் பால் உறையவைக்கிற அசிட்டும் புகையும் இருபது வருசமாய் அவன் தோலில் ஊறியிருந்தது. பீலித் தண்ணீரில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் பவளம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "நீங்க வர்றதுக்கு முந்தி ஒங்க வாட வந்து குந்திக்கிட்டு இருக்கு."

மறுநாள் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் போய் நின்றான். "புகைவீடு வேணாங்க. புல்லு வெட்டப் போறேன்."

"பொம்பளைங்களோடயா? சீலையும் கட்டிக்கிட்டு வர்றியா?"

களத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "கட்டச் சொன்னாலும் கட்டுறேங்க," என்றான். சிரிப்பு நின்றது. கங்காணி புல்வெட்டில் பேர் போட்டார்.

அடுத்தது லயம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீடும் தும்மும். முத்துவீரன் வாசல் வாசலாகப் போனான். ஊசி போட்ட நாளிலிருந்து அஞ்சு நாளைக்குக் கருவாடு பொரிக்க வேண்டாம் என்று கேட்டான். பக்கத்துக் காம்பரா மாரியாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா, மாத்திரயக் குடுக்காம அவள வதைச்சது நீயி. கருவாடு திங்காம கெடக்குறது நாங்களா?"

தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாசலுக்குப் போனான். ஆனால் சொன்ன மாரியாயிதான் அன்று மாலை தன் கருவாட்டுப் பொட்டலத்தைக் கட்டி லயத்துக்குத் தள்ளியிருந்த கொட்டிலில் தொங்கவிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

கஞ்சியை ஆறவைத்து, உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக ஊட்டினான். புல்வெட்டுக்கு நடுவே ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடுவான். மாத்திரைக்கான அந்த அரைமணிக்கு ஒரு மணிக்கூடு வாங்கி ஆணியில் மாட்டி, அதிலேயே மாத்திரை உறையையும் தொங்கவிட்டான். நேரம் பார்க்கத் தெரியாதவன் பவளத்திடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டான். அவளுக்கு மயிர் கொட்டித் தலை மொட்டையானபோது, "பழனிக்குப் போகாமலே முடி குடுத்துட்டேன்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

எடை ஏறியது. ஒரு மாதம் பிந்தி மூன்றாவது ஊசி ஏறியது. வாந்தி இரண்டே தடவை. லயத்தில் அஞ்சு நாளும் கருவாட்டு வாடை இல்லை. நான்காவது ஊசியில் வாந்தியே இல்லை. பவளம் விரல் மடக்கினாள். இன்னும் இரண்டு.

ஐந்தாவது ஊசிக்குப் போனபோது டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் படம் எடுக்க அனுப்பினார். படத்தை நெடுநேரம் பார்த்தார். நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார். இனி ஊசி வேண்டாம், உடம்பு தாங்காது, வலிக்கு மருந்து தருகிறேன் என்றார்.

பவளம் முன்னால் நடந்து போய்விட்டாள். முத்துவீரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாத்தயா, அந்த ஒரு மாசம் பிந்தாம இருந்திருந்தா?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்ல முடியாது," என்றார்.

ஆம் என்றிருந்தால் அவன் ஒரேயடியாக அழுதிருப்பான். இல்லை என்றிருந்தால் ஆறியிருப்பான். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

அன்று வீடு வந்தார்கள். ஊசி போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று லயம் நினைத்தது. பொட்டலங்கள் கொட்டிலுக்குப் போய்விட்டன. மறுநாள் அவன் புல்வெட்டுக்குப் போனபிறகு, பவளம் சுவரைப் பிடித்தபடி மாரியாயி வாசலுக்கு வந்தாள்.

"என்னாக்கா, வெறும் சோறா?"

"நீ ஊசி போட்டு வந்திருக்கியேடி."

"ஊசி இல்லக்கா. முடிஞ்சுபோச்சு. நெத்தலி கெடந்தா பொரிங்க. எனக்கும் ஒரு கை குடுங்க."

மாரியாயி அவள் முகத்தைப் பார்த்தாள். கொட்டிலுக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து சட்டியை வைத்தாள்.

வாடை சுவருக்கு மேலால் ஏறி ஒவ்வொரு காம்பராவாகப் போனது. அஞ்சு நாள் ஆகவில்லையே என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி தலை நிமிர்த்தினாள். விசயத்தை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புல்வெட்டு முடிந்து பீலியடியில் குளித்துக்கொண்டிருந்த முத்துவீரனுக்கும் அது வந்தது. சோப்பு நுரையோடு அப்படியே நின்றான். பிறகு ஓடினான்.

பவளம் வாசலில் உட்கார்ந்து சோற்றில் நெத்தலியைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் ஈரத்தோடு மணிக்கூட்டு ஆணியடிக்குப் போய் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அர மணிக்கு முந்தி போட்டிருக்கணும் புள்ள."

"வேணாங்க. வயித்துல நிக்கிது." இரண்டு வாய் விழுங்கிக் காட்டினாள். பிறகு கேட்டாள். "அன்னைக்கு இத எங்க ஒளிச்சு வச்சீங்க?"

அவன் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. "புகைவீட்டு நெலக்கட்டைக்கு மேல."

"அவ்வளவு தூரத்துலயா." அவள் கை சோற்றில் நின்றது. "நான் தவழ்ந்து தவழ்ந்து அரிசிப் பானைக்குள்ளல்லாம் தேடுனேன்."

ஏசவில்லை. மாசியில் கண்ணை மூடும்வரை அதைப் பற்றி அவள் வேறொரு சொல் பேசவும் இல்லை. அன்று ஒரு கவளத்தை உருட்டி, மாத்திரை இருந்த கையைத் தள்ளிவிட்டு, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"சாப்பிடுங்க. ஆறிப்போவுது."