மே மாதச் சாவிகள்

மே மாத லீவில் பிச்சாவரம் பக்கம் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான். என்னோடு ஷிப்ட் பார்க்கும் மூன்று பேரும் சரியென்றார்கள். கூடாரமும் வாங்கிவிட்டேன்.

கிளம்பும் நேரத்தில் அவர்களில் ஒருவரான பக்கத்து குவார்ட்டர்ஸ் முருகேசன் வந்து தயங்கி நின்றார். "பசங்களுக்கு லீவு விட்டாச்சு சார். தேனியில அம்மா கூப்பிட்டுட்டே இருக்காங்க."

மற்ற இருவரும் சொந்த ஊருக்கே கிளம்பினார்கள். லீவு என்றால் இங்கே எல்லோருக்கும் அதுதான். அப்பா காலத்திலிருந்தே இந்தக் கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

"செடிக்குத் தண்ணி ஊத்திடுங்க. நீங்க இங்கதானே இருப்பீங்க?" என்று முருகேசன் சாவியை நீட்டினார். மற்ற இருவரும் அப்படியே தங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வீட்டுச் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு, சாவிகளை என் சாவி தொங்கும் ஆணியில் மாட்டினேன். பிரிக்காத கூடாரம் கீழே கிடந்தது. ரிட்டயர் ஆனதும் என் சாவியையும் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் நான் எந்த ஊருக்குப் போவேன்?