ஜெபத்தின் நடுவே டிக் டிக்

எனக்குப் பொய்க்காரி என்ற பட்டம் கிடைத்தது ஒன்பது வயதில், அதுவும் உண்மை பேசிய அன்றைக்கு. அதற்கு முன்பு நான் அவிழ்த்துவிட்ட பொய்களை வீட்டில் யாரும் கண்டுகொண்டதே இல்லை. அதனால்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை.

அப்போது கோச்சடையில் இருந்தோம். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. முன் சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின். வெளியூர் போவதென்றால் ஜெபம் பண்ணாமல் சக்கரம் உருளாது. மற்ற வீடுகளில் ஜெபத்தை முடித்துவிட்டு வண்டியைக் கிளப்புவார்கள். எங்கள் வேன் சூடேறாமல் நகராது என்பதால், அப்பா எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார். ஜெபம் முடிவதற்கும் எஞ்சின் பக்குவப்படுவதற்கும் சரியாக இருக்கும்.

அன்று திருவாதவூரில் சித்தியின் புது வீட்டுப் பிரதிஷ்டை, எங்கள் வழக்கத்தில் அதுதான் கிரகப்பிரவேசம். அம்மா பின்னால் பலகாரத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். நான் முன்னால், அதாவது எஞ்சினுக்கு மேலே. ஜெபம் பாதியில் இருக்கும்போது எனக்கடியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். வண்டியும் நின்ற இடத்திலேயே விக்கல் எடுத்தது மாதிரி குலுங்கியது. முந்தின சனிக்கிழமை அப்பா எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டியதிலிருந்தே இப்படித்தான்.

"அப்பா, அடியில டிக் டிக்குன்னு சத்தம் வருது."

ஜெபத்தில் குறுக்கே பேசுவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். ஆமென் சொன்ன பிறகு அப்பா என்னை இறக்கிவிட்டு, சீட்டைத் தூக்கி, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். இடது காதில் கேட்டார். வலது காதில் கேட்டார். மறுபடியும் இடது காதுக்கு வந்தார். டாக்டர் தோற்றார் போங்கள்.

"ஒரு சத்தமும் இல்ல. முன்னால உக்காந்தா பேசாம உக்காரணும், கதை கட்டக்கூடாது" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். தெருமுனையில் பால்காரர் சைக்கிள் திரும்பினால் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுகிற அம்மா. "எனக்கும் ஒண்ணும் கேக்கலையே" என்று வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வழிநெடுக வாயைத் திறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். டிக் டிக் மட்டும் விடாமல் என்னோடு வந்தது.

ஒத்தக்கடையில் வண்டி வெட்டி வெட்டி இழுத்து, ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டது. வெளியே வந்த மெக்கானிக் அப்பாவைப் பார்த்ததும் கும்பிட்டார். "எம்மகன் உங்க வகுப்புலதான் சார் இருக்கான்." சீட்டைத் தூக்கினார், கந்தல் துணியால் ஒரு பிளக்கைப் பிடித்துத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது.

"சரியா முறுக்காம விட்டிருக்கு சார். இம்புட்டு நேரம் டிக் டிக்குன்னு கத்தியிருக்குமே, உங்களுக்குக் கேக்கலையா?"

அப்பா, "என்ன?" என்றார். மெக்கானிக் திரும்பவும் கேட்டார். அப்பா குனிந்து எஞ்சினைப் பார்த்தார்.

நான் விடுவேனா? "நான் அப்பவே சொன்னேன், அப்பாதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"இவ ஒண்ணும் சொல்லலண்ணே. கோச்சடையிலருந்து தொண்டை கிழியப் பாடிட்டே வந்தா. அதுல யாருக்குக் கேக்கும்?"

வழியெல்லாம் ஊமையாக வந்த நான் பாடினேனாம். அப்பாவாவது மறுப்பார் என்று பார்த்தேன். அவர் மெல்லத் தலையாட்டினார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "பாப்பா நல்லாப் பாடுமோ?" என்று என் கன்னத்தில் கிரீஸைப் பூசிவிட்டு, புது பிளக்கை இறுக்கி மாட்டினார். அந்த அநியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்ததும், மெக்கானிக்கின் மகன் வழியாக அது பள்ளிக்கூடத்துக்குப் போனால் அவருடைய வகுப்பு பறிபோய்விடும் என்று அம்மா நடுங்கியதும் அன்று எனக்குத் தெரியாது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்கான கோபம் தனி.

வண்டி கிளம்பியபோது என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அம்மா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னாலிருந்து லாரிகள் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அப்பாவின் தோளை மெதுவாகத் தட்டினாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். பொய் சொன்னதுமில்லாமல், அதற்குத் தலையாட்டிய ஆளைத் திருவாதவூர் வரை தட்டிக்கொடுத்துக்கொண்டே வருகிறாளே என்று நான் கன்னத்துக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் அழுதேன்.